சங்க இலக்கியத் தாள் எழுதியவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா?

வெண்பாப்புலி · பிற்பகல் 1.20

தேர்வறையை விட்டு வெளியே வந்து கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் வினாத்தாளை மடித்து வைக்க மனம் வரவில்லை. சங்க இலக்கியத் தாள் சுலபம், ஐம்பது மதிப்பெண் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று போன வாரம் சொன்ன புண்ணியவான் இங்கே இருந்தால் கை தூக்கவும்.

பகுதி அ ஓரளவு பரவாயில்லை. பகுதி ஆ-வில் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் (இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்லும் இரண்டு உத்திகள்) வேறுபாடு கேட்டபோதே வியர்த்துவிட்டது. பகுதி இ-யில் முதல் கேள்வி, பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை அகமா (காதல் பாட்டா) புறமா (அரசன், போர் பற்றிய பாட்டா). அதற்கு அடுத்ததில் 'அல்லது' என்ற சொல்லே இல்லை. பாடத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்து, திணை, கூற்று (பேசுவது யார்), உள்ளுறை மூன்றையும் காரணம் காட்டி விளக்கச் சொல்லிவிட்டார்கள். புலவர் பெயர் இல்லை, பாட்டு எண் இல்லை, கீழே துறைக் குறிப்பும் (யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்ற குறிப்பு) இல்லை. பத்து மதிப்பெண்.

யார் யார் என்ன எழுதினீர்கள்? திட்ட வேண்டும் என்றாலும் இங்கேயே திட்டிக்கொள்ளலாம்.

கடைசிப்பலகை · 1.24

கை தூக்குகிறேன். சொன்னது நான்தான். எனக்கும் அதே கதிதான், அடிக்க வராதே.

தூண்டில்காரி · 1.31

எனக்கு மருதம் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. கழனி, மாமரம், வாளை மீன், 'ஊரன்' எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை. தோழி கூற்று என்று எழுதிவிட்டேன். தெரியாத அகப்பாட்டு எது வந்தாலும் தோழி தலையில் கட்டுவது என் வழக்கம். பாதி நேரம் சரியாகவும் வரும்.

நேர்நிரை · 1.38

தேர்வு எழுதாதவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால் பாட்டை அப்படியே தருகிறேன்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

இப்போது பார்த்தால் ஆறே அடி. அங்கே உட்கார்ந்து படித்தபோது அறுபது அடி மாதிரி இருந்தது.

கடைசிப்பலகை · 1.42

நான் எழுதியதைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக்கூடாது.

'தன் புதல்வன் தாய்' என்பதை வேகத்தில் 'அவனுடைய தாய்' என்று எடுத்துக்கொண்டேன். ஆக, பேசுவது தலைவி. கணவன் தன்னிடம் பெரிய பெரிய பேச்செல்லாம் பேசுகிறான், அம்மா முன்னால் போனால் வாயைத் திறக்காமல் சொன்னபடி ஆடுகிறான். இரண்டரைப் பக்கத்துக்கு மாமியார் மருமகள் பிரச்சினை. 'சங்க காலத்திலேயே கூட்டுக் குடும்பச் சிக்கல் பதிவாகியுள்ளது' என்று முடிவுரை வேறு எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

வெண்பாப்புலி · 1.43

அடிக்கோடா!

தூண்டில்காரி · 1.43

பேருந்தில் நின்றுகொண்டு சிரிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

மழைக்குருவி · 1.55

கடைசிப்பலகை, கவலைப்படாதே, உனக்குத் துணையாக நான் இருக்கிறேன்.

'ஆடிப் பாவை' என்றால் ஆடுகிற பொம்மை என்று நினைத்தேன். அடுத்து 'கையும் காலும் தூக்கத் தூக்கும்' என்று வேறு வருகிறதா, பொம்மலாட்டமேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கயிறு யார் கையில் இருக்கிறது, திரைக்குப் பின்னால் நிற்பது யார், பொம்மைக்குச் சொந்தப் புத்தி உண்டா என்று கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். வெளியே வந்ததும் ஒரு தோழி 'கண்ணாடி உவமை அருமையாக இருந்தது இல்லையா' என்றாள். எந்தக் கண்ணாடி என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது. ஆடி என்றால் கண்ணாடி. ஆடிப் பாவை என்றால் கண்ணாடிக்குள் தெரியும் உருவம்.

இதில் வேதனை என்னவென்றால், ஆடி என்றால் கண்ணாடி என்பது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போகாமல் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம்முறை · 2.04

படிக்கட்டில் உட்காராதே அம்மா, போய்ச் சாப்பிடு. நான் இந்தத் தாளை இரண்டாம் தடவை எழுதுகிறேன். போன முறை அரியர் விழுந்ததற்குக் காரணம் தப்பாக எழுதியது இல்லை, ஒன்றும் எழுதாமல் விட்டது. பக்கத்தை வெறுமையாக விட்டவனுக்குத்தான் மதிப்பெண் கிடையாது. கண்ணாடியைப் பொம்மையாக்கியவர்களுக்கு ஏதாவது கிடைக்கும்.

என் கதை வேறு. நெடுநல்வாடையில் முல்லைப்பாட்டைக் கலந்துவிட்டேன். இரண்டிலும் அரசி தனியாக இருக்கிறாள், அரசன் பாசறையில் இருக்கிறான், குளிர், மழை, விளக்கு. எழுதிக்கொண்டே போனதில் விரிச்சி (நற்சொல்) கேட்கப் போன பெருமுது பெண்டிரை முதலில் கொண்டுவந்தேன். பிறகு பாசறையில் காவல் நிற்கும் வாய் பேசாத மிலேச்சரையும் (அயல்நாட்டுக் காவலர்) கூப்பிட்டு நெடுநல்வாடையில் நிறுத்திவிட்டேன். எல்லாம் முல்லைப்பாட்டுச் சரக்கு. மூன்றாவது பக்கத்தில்தான் உறைத்தது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று 'முல்லைப்பாட்டிலும் இதனை ஒப்பிட்டுக் காணலாம்' என்று ஒரு வரி சேர்த்துச் சமாளித்தேன்.

நேர்நிரை · 2.07

அந்தச் சமாளிப்புக்கே இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம் அண்ணா.

வெண்பாப்புலி · 2.12

நெடுநல்வாடைக்கு யார் எந்தப் பக்கம் நின்றீர்கள்? நான் அகம் என்று எழுதினேன். மொத்தம் 188 அடி. வாடை, கோட்டை, அரண்மனை, கட்டில், அதில் அரசி தூங்காமல் மேல்விதானத்து ஓவியத்தில் திங்களோடு சேர்ந்திருக்கும் உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். பிரிவுத் துயரம் இல்லாமல் இது வேறு என்ன? பாட்டுக்குள் பாண்டியன் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வேப்பிலை கட்டிய வேல் ஒன்று வருகிறது என்பதற்காகப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைத் தூக்கிப் புறத்தில் போட்டது அநியாயம் என்று (கொஞ்சம் மரியாதையாக) எழுதினேன்.

நேர்நிரை · 2.20

நான் எதிர்ப்பக்கம். நீ வேப்பிலையை அற்பமாக நினைக்கிறாய். 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்' என்ற அடியில் வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. பெயர் சொல்லவில்லையே தவிர ஆளைக் காட்டியாகிவிட்டது. அகத்தில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. தலைவன் இன்னார் என்று தெரிந்துவிட்டால் அங்கேயே அகம் முடிந்தது. நச்சினார்க்கினியர் ஒரு வேப்பங்கொத்தை வைத்து 188 அடியையும் திருப்பினார் என்று நீ கேலி செய்யலாம். ஆனால் விதியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

வெண்பாப்புலி · 2.24

அப்படியானால் பட்டினப்பாலையை என்ன செய்வாய்? அங்கே திருமாவளவன் என்று கரிகாலன் பெயரே வருகிறது. அதை யாரும் அகத்திலிருந்து விரட்டவில்லையே.

நேர்நிரை · 2.31

நல்ல கேள்வி, அதை நானும் எழுதினேன். பட்டினப்பாலையில் கரிகாலன் தலைவன் இல்லை. 'பட்டினமே கிடைத்தாலும் அவளைப் பிரிந்து வரமாட்டேன் நெஞ்சே' என்று சொல்கிறவன் பெயர் தெரியாத யாரோ ஒருவன். அவன் போக வேண்டிய காடு திருமாவளவனின் வேலைவிடக் கொடியது என்று உவமைக்குள்தான் மன்னன் பெயர் வருகிறது. உவமையில் வரலாம். நெடுநல்வாடையில் அந்த வேலோடு நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்க்க நடந்து வருகிறவனேதான் தலைவன். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

வெண்பாப்புலி · 2.33

சே. இதை அங்கே யோசித்திருந்தால் ஒரு பத்தி எழுதியிருப்பேன். சரி, அகம் என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விடுமா?

பழைய ஏடு · 2.50

போகாது தம்பி.

நான் பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வினாத்தாளை நான் எடுக்கவும் இல்லை, திருத்தப்போவதும் இல்லை. அதனால் தைரியமாகப் பேசலாம்.

'அகமா புறமா, ஆய்க' என்று கேட்டால் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று திருத்துகிறவர் பார்ப்பதில்லை. வேம்பு வந்ததா, 'சுட்டி ஒருவர்ப் பெயர்' விதி வந்ததா, நச்சினார்க்கினியர் வந்தாரா, பாட்டின் உள்ளடக்கத்திலிருந்து ஒன்றிரண்டு இடமாவது காட்டப்பட்டதா என்றுதான் பார்ப்போம். நீங்கள் விதியை எடுத்துச் சொல்லிவிட்டு அதை ஏற்கவில்லை என்றால் அதுவும் ஆய்வுதான். விதியே தெரியாமல் 'அகம்தான், ஏனென்றால் அரசி அழுகிறாள்' என்றால் நான்கு தருவேன்.

பாடத்தில் இல்லாத அந்தப் பாட்டுக்கு வருகிறேன். அது குறுந்தொகையில் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. நான் திருத்திய காலத்தில் இப்படிப்பட்ட கேள்விக்குத் திணை 2, கூற்று 3, உள்ளுறை 3, நயம் 2 என்று பிரித்துக்கொள்வோம். ஆக மருதம் என்று எழுதிய எல்லாருக்கும் இரண்டு உண்டு. மாமியாருக்கும் உண்டு.

கடைசிப்பலகை · 2.52

ஐயா நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.

தூண்டில்காரி · 2.55

ஐயா, அப்படியானால் பேசுவது யார்? தோழி இல்லையா?

பழைய ஏடு · 3.15

தோழி இல்லை அம்மா, தலைவியும் இல்லை. காதற்பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப் போகும் காதலி. அதுதான் இந்தக் கேள்வியில் வைத்த கண்ணி.

துறைக் குறிப்பு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். கடைசிச் சீரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 'தன் புதல்வன் தாய்' என்றால் அவன் மகனுக்குத் தாய், அதாவது அவன் மனைவி. இப்போது யோசியுங்கள், தலைவியே பேசினால் தன்னைப் பற்றி 'அவன் மகனின் தாய்' என்று மூன்றாம் ஆளைப்போல ஏன் சொல்கிறாள்? தோழி பேசினால் 'எம்மில்' என்று தன் வீட்டை ஏன் தனியாகப் பிரிக்கிறாள்? எம் இல், தம் இல். எங்கள் வீடு, அவர்கள் வீடு. இரண்டு வீடு இருக்கிறது, இவள் இருப்பது அவன் மனைவி இல்லாத வீட்டில். வேறு யாராக இருக்க முடியும்?

மனைவி தன்னைப் பற்றி இழிவாகப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, அந்த மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி இவள் சொல்வது இது. 'எங்கள் வீட்டில் வாய் கிழியப் பேசுவார். தம் வீட்டுக்குப் போனால் மகனைப் பெற்றவள் கை தூக்கினால் கை தூக்குவார், கால் தூக்கினால் கால் தூக்குவார்.' மனைவி என்றுகூட அவள் வாயில் வரவில்லை பாருங்கள். 'புதல்வன் தாய்' என்கிறாள். உனக்கு அவன்மேல் உள்ள பிடி அந்தப் பிள்ளை மட்டும்தான் என்று குத்துகிறாள். நேரே சொன்னால் சண்டை. இப்படிச் சொன்னால் பாட்டு.

தூண்டில்காரி · 3.19

இரண்டு இல், ஒரு தாய். கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் 'எம்மிற் பெருமொழி' என்பதை 'எம்மைவிடப் பெரிய பேச்சு' என்று எழுதித் தொலைத்தேன்.

முல்லைக்கொடி · 3.22

நானும் அதேதான்! எங்கள் வரிசையில் நான்கு பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். (பார்த்து எழுதவில்லை, தானாகவே.)

கடைசிப்பலகை · 3.30

சரி, எல்லாம் புரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன். பாடத்தில் இல்லாத பாட்டைக் கேட்பது நியாயமா? குறுந்தொகையில் 401 பாட்டு. எங்களுக்கு வைத்தது இருபது. சங்க இலக்கியம் மொத்தம் 2381 பாட்டு என்று முதல் வகுப்பிலேயே எழுதிப் போட்டார்கள். அதில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் நாங்கள் எதைப் படிப்பது?

இரண்டாம்முறை · 3.36

படித்ததைக் கேட்டால் மட்டும் நீ படித்தா எழுதப்போகிறாய்? கைடில் இருப்பதை அப்படியே இறக்குவாய். நானும் அதைத்தான் செய்தேன். அந்த இருபது பாட்டுக்கும் எனக்குத் திணை, துறை, புலவர் பெயர் எல்லாம் மனப்பாடம். பொருள் கேட்டால் அதுவும் மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது நானாக உட்கார்ந்து படித்தேனா என்றால் இல்லை. இந்தப் பாட்டைத்தான் முதல் தடவையாக நானாகப் படித்தேன். அதுவும் தேர்வறையில், கடைசி முப்பத்தைந்து நிமிடத்தில்.

கடைசிப்பலகை · 3.38

அதெல்லாம் சரி அண்ணா, அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்குப் பத்து மதிப்பெண் என்பதுதான் என் பிரச்சினை. வகுப்பிலும் அக மதிப்பெண் தேர்விலும் ஒருமுறையாவது இப்படிக் கேட்டுப் பழக்கியிருக்கலாம். எதுவும் செய்யாமல் நேரே கடைசித் தேர்வில் கொண்டுவந்து வைத்தால் எப்படி?

பழைய ஏடு · 3.47

இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். பழக்காமல் கேட்டது தவறு. கேட்டதே தவறு என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நேர்நிரை · 3.55

உள்ளுறைக்கு யார் என்ன எழுதினீர்கள்? எனக்கு அதில்தான் இன்னும் சந்தேகம். மாம்பழம் தானாகக் கனிந்து விழுகிறது, பொய்கையில் இருக்கும் வாளை அதைக் கவ்விக்கொள்கிறது. நான் வாளை மீன் என்பது தலைவன் என்று எழுதினேன். எங்கே இனிப்பாகக் கிடைத்தாலும் கவ்விக்கொள்கிற ஆள்.

தூண்டில்காரி · 4.01

எனக்கு வாளை மீன் பரத்தை. பழம் தலைவன். மீன் மரத்தில் ஏறிப் பறிக்கவில்லை, அது இருந்த இடத்தில்தான் இருந்தது. பழம் தானே வந்து விழுந்தது. 'உங்கள் ஆளை நான் ஒன்றும் இழுக்கவில்லை, அவராகத்தான் வந்தார்' என்று சொல்கிறாள். இதை இப்போது ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு எழுதுகிறேன். தேர்வில் வெறும் 'மருத நிலத்தின் வளம் கூறப்பட்டுள்ளது' என்று எழுதினேன்.

பழைய ஏடு · 4.10

தூண்டில்காரி சொல்வது சூழலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பழி வந்திருக்கிறது, அந்தப் பழிக்குப் பதில் முதல் இரண்டு அடியிலேயே இருக்கிறது. மாமரம் நிற்பது கழனியில், மீன் இருப்பது பழனத்தில். பழம்தான் தன் இடத்தை விட்டு வந்தது. நேர்நிரை எழுதியதைக் காரணத்தோடு எழுதியிருந்தால் நான் அடிக்கமாட்டேன், ஆனால் முழு மதிப்பெண்ணும் தரமாட்டேன். பழம் தானே உகுந்தது என்ற இடத்தை அது தொடாமல் போகிறது.

போகிற போக்கில் உள்ளுறை, இறைச்சி பற்றிய அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியும் இதில் அடங்கும். பழமும் மீனும் ஊரும் கருப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரியவை. அவற்றை வைத்து, சொல்ல வந்ததற்கு உவமையாக உள்ளே நிறுத்துவது உள்ளுறை. தெய்வத்தை மட்டும் அதற்குப் பயன்படுத்துவதில்லை என்று தொல்காப்பியம் விலக்கி வைத்திருக்கிறது. இறைச்சியில் அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டும் உவமை இருக்காது. கருப்பொருளைப் பற்றிய செய்தியிலிருந்தே வேறொரு குறிப்பு எழும். இந்த இரண்டு வாக்கியமும் ஓர் எடுத்துக்காட்டும் எழுதியிருந்தால் மூன்று மதிப்பெண்ணாவது கிடைக்கும்.

முல்லைக்கொடி · 4.14

எடுத்துக்காட்டு எழுதவில்லை. போச்சு.

அப்புறம் பகுதி அ-வில் குறுந்தொகையை முதலில் பதிப்பித்தவர் யார் என்ற கேள்வி. உ.வே.சா. தானே?

நேர்நிரை · 4.18

இல்லை முல்லைக்கொடி. முதலில் 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார். உ.வே.சா. பதிப்பு 1937. பதிப்பு என்று கண்ணில் பட்டதும் எல்லாரும் உ.வே.சா. என்று எழுதிவிடுவார்கள் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887, பத்துப்பாட்டு 1889, சிலம்பு 1892, புறநானூறு 1894 என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதில் ஒன்றுகூட வரவில்லை.

முல்லைக்கொடி · 4.19

இரண்டு மதிப்பெண் அம்போ.

இரண்டாம்முறை · 4.27

போன முறை எங்களுக்குக் குறுந்தொகையில் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை எத்தனை பாட்டுக்கு என்று கேட்டார்கள். 380. மிச்சம் இருபதுக்கு நச்சினார்க்கினியர். இரண்டு உரையும் இன்று கிடைக்கவில்லை. கிடைக்காத உரைக்கு நான் மதிப்பெண் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பழைய ஏடு · 4.40

உங்களுக்கெல்லாம் ஓர் ஆறுதல் சொல்லவா? 164-ஆம் பாட்டும் காதற்பரத்தை கூற்றுதான், அதிலும் வாளை மீன் மாம்பழத்தைக் கவ்வுகிறது. மாங்குடி மருதனார் பாட்டு. ஆனால் அங்கே மா என்று சொல்லாமல் 'துணர்த்தேக் கொக்கின் தீம்பழம் கதூஉம்' என்கிறார். கொக்கு என்றால் மாமரம். அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசிப்பலகை · 4.42

நினைக்கவே வேண்டாம் ஐயா. 'கொக்கு மீனைக் கொத்தித் தின்றது' என்று படம் வரைந்து பாகம் குறித்திருப்பேன்.

தூண்டில்காரி · 4.43

மாமியாரையும் எங்கேயாவது நிறுத்தியிருப்பாய்.

மழைக்குருவி · 5.30

சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து திரும்பவும் படித்தேன். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பொம்மை என்று எடுத்துக்கொண்டாலும் பொருள் வந்துவிடுகிறதே? அவள் ஆட்டுகிறாள், இவன் ஆடுகிறான். கண்ணாடி என்றாலும் அதேதானே? பிறகு ஏன் பொம்மை தப்பு?

பழைய ஏடு · 5.48

முதலில் சொல்லை வைத்துச் சொல்கிறேன். கயிற்றுப் பொம்மையைச் சொல்ல வேண்டும் என்றால் தமிழில் அதற்குத் தனியாக வழி உண்டு. குறளில் 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்று வருகிறது. மரம் என்றும் சொல்லியாகிவிட்டது, கயிறு என்றும் சொல்லியாகிவிட்டது. இங்கே மரமும் இல்லை, நாணும் இல்லை. ஆடி என்ற சொல் மட்டும்தான். அது கண்ணாடியைக் குறிக்கும் பெயர்ச்சொல்.

பொருளை நீங்களே யோசித்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரிகிற உருவத்துக்கும் பொம்மைக்கும் என்ன வேறுபாடு?

மழைக்குருவி · 6.20

யோசித்தேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கியும் பார்த்தேன், தங்கை பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

பொம்மைக்கு ஓர் உடம்பு இருக்கிறது. ஆட்டுகிறவர் போய்விட்டாலும் பொம்மை அங்கேயே கிடக்கும். கண்ணாடி உருவத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. எதிரில் ஆள் நின்றால் உண்டு, நகர்ந்தால் கிடையாது. ஆக அவன் மனைவிக்குப் பயந்து ஆடுகிறான் என்பது மட்டும் இல்லை. அவள் எதிரே நின்றால் அவளாகிவிடுகிறான். இவள் வீட்டில் பேசிய பெருமொழியும் அப்படித்தான். இவள் எதிரில் நின்றபோது இவளுக்குப் பிடித்ததைப் பேசியிருக்கிறான். அந்தப் பேச்சும் அவன் பேச்சு இல்லை.

மனைவியைக் குத்துவதற்காகச் சொல்கிறாள், ஆனால் அந்த உவமை அவளையும் சேர்த்துத்தான் குத்துகிறது. அவள் தெரிந்தே சொல்கிறாளா தெரியாமல் சொல்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதாமல் பொம்மலாட்டம் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன் பாருங்கள்.

வெண்பாப்புலி · 6.24

இதை அங்கே எழுதியிருந்தால் பத்துக்குப் பத்து.

பழைய ஏடு · 6.35

அவள் தன்னையும் சேர்த்துக் குத்திக்கொள்கிறாள் என்று நான் வகுப்பில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தோன்றியதில்லை. நன்றி அம்மா.

உங்கள் பொம்மலாட்ட விடைக்கு நான் திருத்தினால் திணைக்கு இரண்டு, நயத்துக்கு ஒன்று. கூற்று என்ன எழுதினீர்கள்?

மழைக்குருவி · 6.37

பரத்தை கூற்று என்றுதான் எழுதினேன் ஐயா. இரண்டு வீடு என்பது புரிந்துவிட்டது. கண்ணாடிதான் கவிழ்த்துவிட்டது.

பழைய ஏடு · 6.38

அப்படியானால் இன்னும் மூன்று. ஆறு வந்துவிட்டதே, ஏன் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள்?

கடைசிப்பலகை · 6.40

ஆறா! நான் இங்கே இரண்டுக்குக் கோவில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம்முறை · 7.15

எல்லாரும் கொஞ்சம் பூமிக்கு வாருங்கள். நாளை காலை யாப்பருங்கலக்காரிகை, செய்யுள் இலக்கணத் தாள். ஆசிரியப்பாவின் வகை நான்கையும் எடுத்துக்காட்டோடு எழுதச் சொல்லி எல்லா ஆண்டும் வருகிறது. நேரிசை ஆசிரியப்பாவுக்கு எல்லாரும் எழுதுகிற எடுத்துக்காட்டை எழுதினால் திருத்துகிறவர் கொட்டாவி விடுவார். வேறு ஏதாவது சொல்லுங்கள்.

நேர்நிரை · 7.19

ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) மூன்று சீராக இருக்க வேண்டும், மற்ற அடியெல்லாம் நான்கு. சிறிய பாட்டாக இருந்தால் மனப்பாடம் செய்யச் சுலபம்.

மழைக்குருவி · 7.26

ஆடிப், பாவை, போல. மூன்று சீர்.

அதுதான் ஈற்றயலடி. நான் இதையே எழுதப்போகிறேன். செத்தாலும் மறக்காது.